இரண்டு எண்ணி இழு, நாலு எண்ணி விடு

பதினொன்றாம் வகுப்புக்குச் சுவாசம் பாடம் நடத்தும் வாரத்தில், ஒருநாள் விடியற்காலை கறிக்கடை வாசலில் நிற்பேன். மூச்சுக்குழாயோடு சேர்ந்த, எங்கும் கத்தி படாத ஒரு ஜோடி ஆட்டு நுரையீரல் வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவைத்திருப்பேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் எனக்குப் பழக்கமான கடைக்காரர் அதற்குக் காசு வாங்கமாட்டார். "பசங்க படிக்கறதுக்குத்தானே டீச்சர், எடுத்துட்டுப் போங்க" என்று இரட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பார்.

வகுப்பில் அதை ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வைப்போம். முதலில் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். நனைந்த துணி மாதிரி சுருங்கி, கருஞ்சிவப்பாகக் கிடக்கும். மூச்சுக்குழாயைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். முன்பக்கம் வளையம் வளையமாகக் குருத்தெலும்பு தட்டுப்படும். பின்பக்கம் விரல் மெத்தென்று உள்ளே போகும். அந்த வளையங்கள் முழு வட்டம் கிடையாது, குதிரைக்கு அடிக்கிற லாடம் போல ஒரு பக்கம் திறந்தவை. பின்னால் ஒட்டிக்கொண்டே உணவுக்குழாய் போகிறது. சோற்றுக் கவளம் இறங்கும்போது அது விரிய இடம் வேண்டுமே. மனிதருக்கு இப்படி 16 முதல் 20 வளையங்கள்.

அப்புறம் கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பின் குழாயை உள்ளே விட்டு, நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு மாணவனை மெதுவாக அடிக்கச் சொல்வேன். வாயால் ஊத விடமாட்டேன். ஊதியவர் தெரியாமல் திரும்ப இழுத்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வாய்க்கு வரும். முதல் இரண்டு அடிக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது அடியில் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் மெல்லப் பரவும். இட்லி மாவு புளித்துப் பொங்குவது போல ஒவ்வொரு மடலாக எழும்பி, தாம்பாளத்தை நிறைத்துக்கொண்டு நிற்கும். பம்பை எடுத்ததும், யாரும் அழுத்தாமலே, தானே சுருங்கும். ஒரு துண்டு அறுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பக்கத்தில் கல்லீரல் துண்டைப் போட்டால் அடியில் போய் உட்காரும். அறுத்த இடத்தை அழுத்தினால் நுரை வரும். நுரையீரல் என்று பெயர் வைத்தவர் இதைக் கையில் பிடித்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆட்டுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசத்தையும் காட்டுவேன். ஆட்டின் வலப்பக்க மேல் மடலுக்கு, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்னாலேயே தனிக் கிளை ஒன்று போகும். மனிதருக்கு அது இல்லை. நமக்கு வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. இதயம் இடம் பிடித்துக்கொள்வதால் இடது கொஞ்சம் சிறியது. வலது கிளைக்குழாய் அகலமாகவும் நேராகவும் இறங்குவதால், குழந்தை வேர்க்கடலையை விழுங்கும்போது புரையேறி உள்ளே போனால் பெரும்பாலும் வலப்பக்கம்தான் போய்ச் சிக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் முழுக் கடலை கையில் கொடுக்காதீர்கள் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுவேன். மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள் என்பது அம்மாக்கள் கூட்டத்தில் தெரியும்.

இத்தனை வருடம் இப்படி நடத்தியும், நுரையீரலை எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தது 2022-இல் என் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு பாட்டில்தான்.

அப்பா கல் வேலைக்காரர். ஜெகதேவி பக்கம் குவாரிகளில் பத்தொன்பது வயதில் சேர்ந்தார். முதலில் சுத்தியலும் உளியும். அப்புறம் கம்ப்ரசர் வந்தது, ஜாக்ஹாமர் பிடித்து நாள் முழுக்கப் பாறையில் துளை போடுகிற வேலை. கடைசி ஒன்பது வருடம் ஒரு கட்டிங் ஷெட்டில். கிருஷ்ணகிரிக் கல் உலகம் முழுக்கப் போகிறது. 'பாரடைசோ' என்று பேர் போட்டு, ஊதாவும் சாம்பலுமாய் அலையடிக்கிற அந்தக் கல்லை எந்த ஊர் வங்கித் தரையில் பார்த்தாலும் எனக்கு அப்பாவின் புருவம்தான் ஞாபகம் வரும். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவமும் இமையும் காது மடலும் வெள்ளையாக இருக்கும். அம்மா அவர் சட்டையை வாசலில் வைத்து உதறுவார். நாங்கள் பிள்ளைகள் அந்தத் தூசிக்குள் நின்று விளையாடியிருக்கிறோம்.

மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். போதும் என்று நினைத்தோம். துண்டு பெரிய தூசியைத் தடுக்கும். பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் தாமே தடுத்துவிடும். கொல்வது கண்ணுக்குத் தெரியாத தூசி. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், காற்று நுண்ணறை வரை போகிற கல் துகள் 5 மைக்ரானுக்கும் கீழே. அது துண்டின் இழைக்கு நடுவே ஜன்னலில் ஈ நுழைவது போல நுழைந்துவிடும்.

உள்ளே போனபின் நடப்பதைப் பாடமாகச் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் மாறும். மூச்சுக்குழாய் உள்ளே போகப் போக இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே, ஏறக்குறைய 23 தலைமுறைக் கிளைகள் தாண்டி, திராட்சைக் கொத்து மாதிரி நுண்ணறைகளில் முடிகிறது. மொத்தம் 30 கோடியிலிருந்து 50 கோடி நுண்ணறைகள். விரித்துப் போட்டால் ஒரு சின்ன வீட்டின் தரை அளவு, கிட்டத்தட்ட 70 சதுர மீட்டர். குழாய்களுக்குள் குற்றிழைகள் என்ற நுண்ணிய முடிகள் தூசியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் நுண்ணறைக்குள் குற்றிழை கிடையாது. அங்கே துப்புரவு வேலை விழுங்கு செல்களுடையது. கல்லில் இருக்கும் சிலிக்காத் துகளை விழுங்கிய செல் அதைச் செரிக்க முடியாமல் செத்துப்போகும். துகள் வெளியே விழும். அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தழும்பு. மெல்லிய சோப்புக் குமிழி மாதிரி இருக்க வேண்டிய இடம், கல்லை விழுங்கிக் கல்லாகவே ஆகிறது. சிலிகோசிஸ் என்பது இதுதான். தழும்பைக் கரைக்கிற மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம்.

அப்பாவுக்கு 2012-இல் மேடு ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருமல். எடை குறைந்தது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, மேல் பக்கம் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்துக் காசநோய் என்று சொல்லி, சளிகூடப் பரிசோதிக்காமல் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது, வாய் கசந்தது, இருமல் போகவில்லை. இரண்டு நோயும் நுரையீரலின் மேல் பாகத்தையே பிடிப்பதால் எக்ஸ்ரேயில் ஒன்று இன்னொன்றாகத் தெரியும். மூன்று வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு மருத்துவர்தான் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "ஐயா, என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் இதே கதையில் இருக்கின்றன என்பதை நினைத்துத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். கல், செங்கல் சூளை, மணல் அடிக்கிற வேலை எதில் இருந்திருந்தாலும், எத்தனை வருடம், எந்த மாதிரி வேலை என்று முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய் என்று சொன்னால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். சிலிகோசிஸ் உள்ளவருக்கு நிஜமாகவே காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம், அதனால் புதிதாகக் காய்ச்சலோ எடைக்குறைவோ வந்தால் மறுபடியும் சளி பார்க்க வேண்டும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் பெரியப்பா.

அரூர் பக்கம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்த்தமலை அடிவாரத்துக் கிராமங்களுக்கு வருடக்கணக்கில் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். வயது எழுபதைத் தாண்டியும் மலைப்படி ஏறி இறங்குவார். சரம் பார்க்கிற பழக்கம் அவருக்கு இளவயதிலேயே ஒரு பெரியவரிடம் கிடைத்தது. காலையில் கண் விழித்ததும் புறங்கையை மூக்கடியில் வைத்து எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று பார்ப்பார். இடப்பக்கம் ஓடினால் இடகலை, சந்திரன், குளிர்ச்சி. வலப்பக்கம் பிங்கலை, சூரியன், சூடு. இரண்டும் சமமாக ஓடும் சிறு பொழுது சுழுமுனை; அந்த நேரத்தில் பேச்சு, வேலை எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார், கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். அப்பாவுக்கு மூச்சு வாங்குவது கூடக்கூட, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து தம்பியோடு உட்கார்ந்திருப்பார்.

விலங்கியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் ஒதுக்கிவைக்கிற விஷயமாக இருந்தது. ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும் மாறி மாறித் திறந்து அடைபடுவது நிஜம். 1895-இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதியிருக்கிறார். மூக்கினுள் இருக்கும் சதைப்பற்றான மடிப்புகளில் ஒரு பக்கம் ரத்தம் நிறைந்து வீங்கும், மறுபக்கம் வற்றும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் வலது நாசி திறந்துகொள்ளும். பெரியப்பா இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்யச் சொல்வார், செரிமானத்துக்குச் சூரியகலை வேண்டும் என்பார். அந்தக் காரணத்தை நான் பாடமாகச் சொல்ல மாட்டேன். நாசி மாறுவதை யாரும் புறங்கையை வைத்தே பார்க்கலாம்.

அவர் கணக்கில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600. நாழிகைக்கு 360, அறுபது நாழிகைக்கு 21,600. நாம் கடிகாரத்தில் போட்டுப் பார்த்தால் நிமிடத்துக்குச் சரியாக 15 மூச்சு வருகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்று நாங்கள் நடத்துகிறோம். ஸ்டெதஸ்கோப்பும் கடிகாரமும் இல்லாத காலத்தில், மடியில் கை வைத்து எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு அது.

ஆனால் அவரிடம் பேசப் பேச ஒன்று தெளிவானது. யோக நூல்கள் சொல்லும் உடம்பில் நுரையீரல் என்ற உறுப்புக்குப் பெரிய இடம் இல்லை. பத்து வாயு உண்டு. அதில் பிராணன் நெஞ்சில் குடியிருக்கிறது. தனஞ்செயன் உயிர் போன பிறகும் உடம்பில் தங்கும். நெஞ்சு நேரில் அநாகதம் என்ற சக்கரம், பன்னிரண்டு இதழ் தாமரை, அதன் பூதம் காற்று. இவையெல்லாம் காற்றின் ஓட்டத்தைப் பற்றிய பேச்சு, காற்று இருக்கும் பையைப் பற்றியது அல்ல. வெட்டிப் பார்த்தால் தாமரை கிடைக்காது. அதைச் சொன்னவர்களும் வெட்டிப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணை மூடி உட்கார்ந்து சொன்னார்கள். மூச்சுக்கு நம் மொழியில் உயிர்ப்பு என்றே ஒரு பெயர் உண்டு. எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்ல வந்த தொல்காப்பியர் உந்தியிலிருந்து எழும் காற்றில்தான் ஆரம்பிக்கிறார்; அது தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று ஒலியாகிறது என்கிறார். வயிற்றில் கை வைத்து 'அ' என்று சொல்லிப் பாருங்கள், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் தள்ளுவது கைக்குத் தெரியும். தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது சங்ககால ஔவைக்கு. மூலாதாரக் கனலைக் 'காலால்' எழுப்புகிற பாட்டான விநாயகர் அகவல் பின்னால் வந்த ஔவையுடையது என்கிறார்கள். கால் என்றால் அங்கே காற்று. பெரியப்பா அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் தரையில் இருக்கும் தன் காலைத் தட்டி, "இது இல்லம்மா" என்பார்.

சரி, 2022-க்கு வருகிறேன். அப்பாவுக்குத் தைரியம் வரட்டும் என்று பெரியப்பா பிராணாயாமம் சொல்லிக்கொடுத்தார். திருமூலர் சொன்ன அளவு: 16 மாத்திரை இழுப்பது பூரகம், 64 நிறுத்துவது கும்பகம், 32 விடுவது ரேசகம். மாத்திரை என்றால் இங்கே கண்ணிமைக்கும் நேரம். அவ்வளவு முடியாது என்பதால் நாலு, பதினாறு, எட்டு என்று ஆரம்பித்தார்கள். அப்பா எதையும் விடாமல் செய்கிறவர். ஆறு, இருபத்துநாலு, பன்னிரண்டு வரை போய்விட்டார். எனக்குத் தெரியும். மனம் நிம்மதியாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்று அவர் சொன்னதால் நானும் சந்தோஷப்பட்டேன். தழும்பு பிடித்த நுரையீரலில், தழும்பு இழுத்த இழுப்பில் பக்கத்து நுண்ணறைகள் உடைந்து ஒன்றாகி, பலூன் மாதிரி மெல்லிய கொப்புளங்கள் ஆகியிருக்கும். அப்படி ஒரு நுரையீரலை நிறைத்து அடைத்து வைப்பது என்ன என்று யோசிக்க வேண்டியவள் நான்தான். யோசிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

ஆடி மாதம், விடியற்காலை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று வலது மார்பைப் பிடித்துக்கொண்டார். "கத்தி எறங்கின மாதிரி இருக்கும்மா" என்றார். அடுத்த ஐந்து நிமிடத்தில் பேச்சு இரண்டு இரண்டு வார்த்தையாக உடைந்தது. உதடு நீலம் பாரித்தது. 108-க்குப் போன் செய்தோம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது வலப்பக்கம் வெறும் கறுப்பு. நுரையீரல் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாம்பாளத்தில் நான் ஒவ்வொரு வருடமும் பார்த்த அதே சுருக்கம்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு படலம் உண்டு. ஒன்று நுரையீரலோடும் ஒன்று மார்புச் சுவரோடும் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு படலம் திரவம், அதில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. நுரையீரல் எப்போதும் சுருங்கத்தான் பார்க்கும். விரித்துப் பிடித்துவைத்திருப்பது அந்தக் குறைந்த அழுத்தம். அதற்கென்று இழுக்கிற தசை கிடையாது. உதரவிதானம் கீழே இறங்க, விலா எலும்பு மேலே எழும்ப, நுரையீரல் கூடவே இழுபடுகிறது. கொல்லன் துருத்தியில் கையின் வேலையை இங்கே உதரவிதானம் செய்கிறது. கொப்புளம் வெடித்துக் காற்று அந்த இடைவெளிக்குள் போனால் பிடி விட்டுவிடும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே வரி.

அக்குள் கீழே விலா இடுக்கில் குழாய் போட்டு, மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலுக்குள் இரண்டு சென்டிமீட்டர் மூழ்கும்படி விட்டார்கள். வெளியேறுகிற காற்று தண்ணீர் வழியே குமிழியாகப் போய்விடும், திரும்ப உள்ளே வர முடியாது. அவ்வளவு எளிமையான ஏற்பாடு. மூன்று இரவு அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இருமினால் பத்துப் பன்னிரண்டு குமிழி மடமடவென்று வரும். சும்மா இருக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் மட்டும் ஏறும், இறங்கும். அவர் மூச்சை இழுக்க ஏறும், விட இறங்கும். இத்தனை வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய அழுத்தம், என் கண் முன்னால் விரல்கடை அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் இருமினாலும் குமிழி வரவில்லை. ஓட்டை மூடிவிட்டது என்று நர்ஸ் சொன்னார்.

இந்தப் பாட்டிலோடு யாராவது வீட்டில் இருந்தால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது அவசரத்தில் தூக்கிக் கட்டில் மேல் வைத்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். குழாய் மடங்கக் கூடாது. இருமலை அடக்கச் சொல்லக் கூடாது. நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும்.

மூச்சடக்கினதால்தான் இப்படி ஆனதா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இந்த நோய்ல தானாவும் வெடிக்கும். ஆனா இந்த நுரையீரலுக்கு மூச்சை நிறுத்துற பயிற்சி வேண்டாம், முக்கித் தூக்கற வேலையும் வேண்டாம்" என்றார். பெரியப்பா அப்போது பக்கத்தில் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாம் நாள் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தார். சின்ன வயது. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் காட்டி, இது ஊதுவதற்கு அல்ல, உறிஞ்சுவதற்கு என்று இரண்டு முறை சொன்னார். அது நல்லது, ஏனென்றால் வார்டில் பாதிப் பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். எப்போது ஆரம்பிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அப்புறம் கருவியில்லாத பயிற்சி ஒன்று. மூக்கால் இரண்டு எண்ணி இழுங்க. உதட்டைக் குவிச்சு, விளக்கை அணைக்காம சுடர் மட்டும் ஆடற மாதிரி, நாலு எண்ணி விடுங்க. நடுவுல நிறுத்தாதீங்க.

உதட்டைக் குவித்தால் வெளியேறுகிற காற்றுக்குச் சின்னத் தடை வரும். அந்தத் தடையால் நலிந்த சிறு குழாய்கள் மூச்சை விடும்போது மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும், உள்ளே தேங்கிய பழைய காற்று வெளியே வரும். மூச்சு வாங்குகிறவர் இழுக்கத்தான் துடிப்பார். அவருக்கு வேண்டியது விடுவது. பழையது வெளியே போகாமல் புதியதற்கு இடம் ஏது?

பெரியப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போன பிறகு கட்டில் பக்கத்தில் வந்து, "இரண்டுக்கு நாலு. பதினாறுக்கு முப்பத்திரண்டு. அதே கணக்குதாம்மா" என்றார். பூரகத்துக்கு இரட்டிப்பு ரேசகம். நடுவில் இருந்த அறுபத்துநாலு மட்டும் என் அப்பாவுக்கு ஆகாதது. கும்பகம் குரு பக்கத்தில் இருந்து, நல்ல நெஞ்சு உள்ளவருக்குச் சொன்னது, தான் யோசிக்காமல் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்று அன்று அவரே சொன்னார். நானும் யோசிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எக்ஸ்ரேயும் மருத்துவரும்தான் சொல்ல முடியும். சரமும் தாமரையும் அதற்குப் பதில் சொல்ல வராது, அவற்றைக் கேட்கவும் கூடாது. ஆனால் நோயோடு இருக்கும் ஒருவர் ஒவ்வொரு மூச்சையும் பயமில்லாமல் எப்படி விடுவது என்று மாத்திரைச் சீட்டு சொல்லாது. அப்பாவை அந்தப் பயிற்சியில் இத்தனை நாள் உட்காரவைத்தது பெரியப்பாவின் பக்திதான். பிசியோதெரபி சீட்டைக் கையில் வாங்கிய எத்தனையோ பேர் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பெருமூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெருமூச்சு விட்டால் பாட்டி திட்டுவார், வீட்டுக்கு ஆகாது என்பார். சீன மருத்துவத்திலும் நுரையீரலைத் துக்கத்தின் இருப்பிடமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் துக்கம் இல்லாத மனிதரும் தெரியாமலே சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு விடுகிறார். சின்னச் சின்ன மூச்சில் மூடிக்கொண்ட நுண்ணறைகளை அந்த ஒரு பெரிய மூச்சுதான் திறந்துவிடுகிறது. அதனால் அப்பா பெருமூச்சு விட்டால் இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

நடைமுறையில் நாங்கள் கற்றதைக் கலந்துகட்டிச் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்கும்போது படுக்கக் கூடாது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடை மேல் ஊன்றி உட்கார்ந்தால் உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கும். படி ஏறும்போது நின்று இழுத்து, விடும்போது ஏற வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை, கை சில்லிட்டிருக்கும்போதும் மருதாணியோ நகப்பூச்சோ உள்ள விரலிலும் நம்பக் கூடாது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் வைத்திருந்து பார்க்க வேண்டும். விறகடுப்பை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவிட்டோம். மருத்துவர் சொல்லி ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டோம். ஆடாதோடை இலைக் கஷாயம் சளியை இளக்கும், தப்பில்லை. அலோபதியில் சளியை இளக்கத் தரும் ப்ரோம்ஹெக்சின் அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை வைத்து உருவானதுதான். ஆனால் எந்தக் கஷாயமும் தழும்பைக் கரைக்காது, கரைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். நெஞ்சில் ஒரு பக்கம் திடீர் வலியும் கூடவே மூச்சுத்திணறலும் வந்தால் வாயு என்று சுக்குத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

கல் வேலையில் இன்று இருக்கும் தம்பிகளுக்கு: தண்ணீர் விட்டு அறுங்கள், தண்ணீர் விட்டுத் துளை போடுங்கள். ஷெட்டைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், நனைத்துப் பெருக்குங்கள். துணிமேல் ஒட்டிய தூசியைக் கம்ப்ரசர் காற்றால் அடித்துக்கொள்ளாதீர்கள். துண்டுக்குப் பதில் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் போடுங்கள். தாடி இருந்தால் அது ஒட்டாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். சிலிகோசிஸ் சட்டப்படி அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்; 2025 நவம்பர் வரை தொழிற்சாலைச் சட்டம் 1948-இலும் சுரங்கச் சட்டம் 1952-இலும் அது இருந்தது. அதுவரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் அது இருந்தது. அப்பா அங்கே இத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று காட்ட எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. கூலி சனிக்கிழமை கையில் எண்ணிக் கொடுத்ததோடு சரி. பி.எஃப். எண், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எது இருந்தாலும் போட்டோ எடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். திண்ணையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் ஒரு அகல் விளக்கு. அப்பா உதட்டைக் குவித்து விடும்போது சுடர் பெரியப்பா பக்கம் சாயும், அணையாது. பெரியப்பா விரலை மடக்கி எண்ணுவார், வாய்விட்டு எண்ணமாட்டார். போன வாரம் அப்பா நாலைத் தாண்டி ஐந்துக்குப் போகப் பார்த்தார். பெரியப்பா விரலை விரித்துவிட்டார். "போதும்டா, நாலு."